மண்ணரசியும் ஒரு டிராக்டர் எருவும்

போன செவ்வாய்க்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு நான் ஒரு டிராக்டரைத் துரத்திக்கொண்டிருந்தேன்.

ஸ்கூட்டரில்தான். ஓட்டியது ரூபா. பின்னால் உட்கார்ந்து "நிறுத்துங்க... நிறுத்துங்க!" என்று தொண்டை கிழியக் கத்தியது நான். டிராக்டருக்குப் பின்னால் டிரெய்லர். டிரெய்லர் நிறைய மாட்டுச் சாண எரு. காலையில் பெய்த மழையில் நன்றாக நனைந்த எரு. காற்றும் எங்களைப் பார்த்துத்தான் வீசியது. இதற்கு மேல் அந்த வாசனையைப் பற்றி எழுத மாட்டேன் — உங்களில் பாதிப் பேர் டிபன் சாப்பிட்டுக்கொண்டே இந்தப் பத்தியைப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

டிராக்டர்காரருக்குக் காது கேட்கவில்லை. அவர் வண்டியில் தெலுங்குப் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. எனக்கோ சிரிப்பு தாங்கவில்லை. ஐம்பதைத் தொடப்போகிற வயசு, கஞ்சி போட்ட காட்டன் புடவை, தலையில் ஹெல்மெட், கையில் ஃபைல்... எருவைத் துரத்துகிறேன்!

"சிரிக்காதீங்கக்கா, வண்டி ஆடுது" என்றாள் ரூபா.

எப்படி இந்த நிலைமைக்கு வந்தேன்? சொல்கிறேன். தப்பு முழுக்க முழுக்க என்னுடையது. அதனால் விரிவாகவே சொல்லலாம்.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்காக இரண்டு வரி. ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் குவாலிட்டி செக்கிங்கில் இருந்தேன். போன வருஷம் அதை விட்டுவிட்டு, விவசாயிகளுக்கு உதவி செய்கிற ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். சின்ன என்றால் நிஜமாகவே சின்ன. மொத்தம் நாலு பேர். தளி ரோட்டில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ். கீழே டயருக்குக் காற்று அடிக்கிற மோட்டார் ஓடினால் மேலே மீட்டிங் நின்றுவிடும். மோட்டார் நின்றதும் விட்ட வார்த்தையிலிருந்து தொடருவோம்.

"நல்ல வேலையை விட்டுட்டு இப்படி ரோட்டு ரோடாச் சுத்துறியே, உனக்கென்ன கிறுக்கா?" என்று சாத்தூரிலிருந்து அண்ணன் இன்றைக்கும் போன் போட்டுக் கேட்கிறார். ஆமாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கம்பெனியில் என் தொழிலே சாம்பிள் எடுப்பதுதான். ஆயிரம் பீஸ் வந்து இறங்கினால் அதில் எந்தப் பத்தை எடுத்துச் சோதிப்பது? சப்ளையர் பல்லைக் காட்டிக்கொண்டு நீட்டுகிற பீஸைத் தொடவே மாட்டேன். நானே பெட்டிக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டு அடியிலிருந்து எடுப்பேன். அந்தம்மா கையில் சிக்கினால் தப்பிக்க முடியாது என்று சப்ளையர்கள் மத்தியில் எனக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேரில் எனக்கு ரொம்பப் பெருமையும் உண்டு. இருந்தது... இப்போது இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஜவளகிரிக்குப் போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு ஊர். அங்கே முப்பத்தொரு விவசாயிகளின் நிலத்து மண்ணை எடுத்து லேபுக்கு அனுப்ப வேண்டும். எந்தச் சத்து குறைவு, எதைப் போட வேண்டும் என்று ரிப்போர்ட் வரும். அதை வைத்துக்கொண்டு அவரவருக்கு யோசனை சொல்ல வேண்டும். வழக்கமாக இதையெல்லாம் பார்ப்பது ரூபா. எங்கள் ஃபீல்டு ஆபீசர். தளிக்காரி. தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் திரும்பி, தெலுங்கில் போய் நிற்பாள். அந்தச் சமயம் பார்த்து மாடிப்படியில் வழுக்கி, காலில் கட்டு போட்டுக்கொண்டு வீட்டில் படுத்திருந்தாள்.

"நான் பாத்துக்கறேன் சார்" என்றேன் எங்கள் தலைவரிடம். "சாம்பிள் எடுக்க எனக்குச் சொல்லித்தரணுமா?"

ரூபா என்றால் என்ன செய்வாள்? ஒவ்வொரு நிலமாக நடந்து, நாலைந்து இடத்தில் மண்வெட்டியால் அரையடி ஆழத்துக்கு வெட்டி, மண்ணைச் சுரண்டி, கலந்து, அரை கிலோ எடுப்பாள். முப்பத்தொரு நிலத்துக்குப் பத்து நாள் ஆகும். பத்து நாளா! நான் கம்பெனிக்காரி இல்லையா... இரண்டே நாளில் முடிப்பதாக பிளான் போட்டேன்.

காலையில் எல்லாரும் பால் ஊற்ற வருகிற சொசைட்டி வாசலில் போய் நின்றேன். ஆளுக்கு ஒரு துணிப்பை. பையில் நம்பர் போட்ட அட்டை. கூடவே ஒரு நோட்டீஸ்: மண் எப்படி எடுக்க வேண்டும், எங்கெல்லாம் எடுக்கக் கூடாது. எருக்குழிப் பக்கம் எடுக்கக் கூடாது, மரத்தடியில் எடுக்கக் கூடாது, ஏரி வண்டல் கொட்டின இடத்தில் எடுக்கக் கூடாது...

"உங்க நிலத்து மண்ணு அரை கிலோ. நாளைக்குப் பால் ஊத்த வர்றப்பக் கொண்டாந்துருங்க" என்று எங்கள் சாத்தூர்த் தமிழில் படபடவென்று சொல்லிவிட்டு, ஒரு காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். வெயில் வேறு. ஒரு நிலத்திலும் காலை வைக்கவில்லை.

மறுநாள் முப்பத்தொரு பையும் வந்தது. ஒன்று குறையவில்லை! ஆபீஸ் குரூப்பில் போட்டோ போட்டு, கைதட்டுகிற பொம்மை நாலு போட்டேன்.

மூன்று வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. பிரித்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தழைச்சத்து அதிகம். மணிச்சத்து அதிகம். சாம்பல் சத்து அதிகம். அதிகம், அதிகம், மிக அதிகம்... அடேயப்பா, இந்த ஊரை இத்தனை நாள் கரட்டுக் காடு என்றா சொல்லிக்கொண்டிருந்தார்கள்? ஒரு ரிப்போர்ட்டில் 'மண்ணில் தேங்காய் நார் காணப்படுகிறது' என்று குறிப்பு இருந்தது. எவ்வளவு அக்கறையான விவசாயி என்று கண் கலங்கியது எனக்கு.

சும்மா இருந்தேனா? கம்பெனியில் மாசா மாசம் சிறந்த ஊழியருக்குப் பரிசு கொடுப்போம். அதே மாதிரி ஒரு விழா ஏற்பாடு செய்தேன். அதிக சத்துள்ள மண் லட்சுமக்காவுடையது. பால் சொசைட்டி சுவரில் ஃப்ளெக்ஸ் பேனர் கட்டினேன். அதில் லட்சுமக்கா கைகூப்பிச் சிரிக்கிறார். கீழே கொட்டை எழுத்தில் 'மண்ணரசி'. பட்டம் நான் கொடுத்தது. பேனரின் மூலையில் ஸ்டாம்பு சைஸில் என் போட்டோவும் உண்டு — அதை விடுங்கள்.

லட்சுமக்காவுக்கு ஒன்றரை ஏக்கர். ராகி போடுவார், ஊடே அவரைக்காய். இரண்டு மாடு. வீட்டுக்காரர் ஓசூரில் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி, ஞாயிற்றுக்கிழமைதான் ஊருக்கு வருவார். நிலம் முழுக்க லட்சுமக்கா கையில். சால்வை போர்த்திவிட்டு மைக்கைப் பிடித்தேன்.

"லட்சுமக்கா நிலத்துக்கு இந்த வருஷம் எருவே தேவையில்லை!"

கைதட்டல். லட்சுமக்கா முகம் வெளிறிப்போயிற்று. வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் இடம் யாருக்குத் தெரியுமா? நரசம்மாவுக்கு. லட்சுமக்காவின் கொழுந்தன் மனைவி. பக்கத்து வீடு, பக்கத்து நிலம். அவர் மண்ணுக்கும் எரு வேண்டாம் என்றுதான் ரிப்போர்ட். "வளம் உங்க குடும்பத்துலயே ஓடுது போல" என்று ஜோக் வேறு அடித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். கொஞ்சம் அளவுக்கு மேலேயே சிரித்தார்கள். என் நகைச்சுவை உணர்வு ஜவளகிரி வரைக்கும் எடுபடுகிறதே என்று அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

இதெல்லாம் நடந்து ஒரு வாரம். போன செவ்வாய்க்கிழமை ரூபா வேலைக்குத் திரும்பினாள். நான் பெருமையோடு ரிப்போர்ட் கட்டை அவள் மேஜையில் வைத்தேன். ஒன்று ஒன்றாகப் புரட்டினாள். நாலாவது தாளில் அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. பத்தாவது தாளில் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடி?"

"அக்கா... லட்சுமக்கா நிலமா இது? அந்த நிலத்துல மண்வெட்டி போட்டா தீப்பொறி பறக்கும்க்கா! மண்ண நீங்க போயி எடுத்தீங்களா, அவங்களே கொண்டாந்தாங்களா?"

"அவங்களேதான்..."

"போச்சு. இந்த ஆறாம் நம்பர் இருக்காரே, இவரு வீட்டுக்குப் பின்னாடி புத்து இருக்குது. இது புத்து மண்ணு. அடுத்தவரு ரோஜா நர்சரியில வேலை செய்றாரு. நாத்துப் பையைப் பிரிச்சுக் கொட்டியிருக்காரு, அதான் தேங்கா நாரு. இது ஏரி வண்டலு. லட்சுமக்காவோடது... ஐயோ ராமா, சத்தியமா எருக்குழிதான்!"

நல்ல மண் எங்கெங்கே கிடைக்கும் என்று நோட்டீஸே அடித்துக் கொடுத்தவள் நான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

கோபம் வந்ததா? வந்தது. ஆனால் பாருங்கள், கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? எங்கள் கம்பெனிக்கு ஆடிட்டர் வருகிறார் என்றால் நல்ல பீஸாகப் பொறுக்கி முன்வரிசையில் அடுக்கியவள் யார்? நானேதான். அதை விடுங்கள். பெண் பார்க்க வருகிற அன்றைக்கு நம் வீட்டு ஹாலில் பக்கத்து வீட்டு சோபா உட்கார்ந்திருக்கவில்லையா? மாப்பிள்ளை வீட்டார் போனதும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் திரும்பக் கொண்டுபோய்ப் போடவில்லையா? நம்மைச் சோதிக்க ஒருவர் வருகிறார் என்று தெரிந்தால் நம்மில் யார்தான் இருக்கிறபடி இருக்கிறோம்?

இப்படி நான் தத்துவம் பேசிக்கொண்டிருக்கும்போது ரூபா லட்சுமக்காவுக்கு போன் போட்டாள். ஸ்பீக்கரில் ரகசியக் குரல்.

"ரூபா... வந்துட்டியா கண்ணு? கால் சரியாப்போச்சா? இங்க டிராக்டர் வந்து நிக்குதுடி. எருவ ஏத்திகினு இருக்காங்க."

"எந்த எருவ?"

"நம்ம எருதான். நரசம்மா கேட்டுட்டா. 'உனக்குத்தான் எரு வேணாம்னு மைக்குல சொல்லிட்டாங்களே அக்கா, சும்மாதானே கிடக்குது, எனக்குக் குடு'ன்னு பத்துப் பேரு முன்னாடி கேட்டுட்டா. நான் என்னன்னு சொல்லுவேன்? லேபுக்குக் குடுத்தது குழியில அள்ளுனதுன்னு சொல்றதா? ஊரு நடுவுல பேனர்ல என் மூஞ்சி இருக்குது ரூபா!" குரல் உடைந்துவிட்டது.

ரூபா சிரிப்பை நிறுத்தினாள். போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "அக்கா, இது விளையாட்டு இல்ல. மழை பெஞ்சிருக்குது, நாளன்னிக்கு உழவு. ரெண்டு மாடு ஒரு வருஷம் பூராப் போட்ட எரு அது. அதை எறைக்காம அந்தக் கரட்டுல ராகி விதைச்சா முழங்கால் உசரம்கூட வராது. வீட்டுக்கு வருஷம் முச்சூடும் களி அந்த நிலத்துலேர்ந்துதான்."

நான் மைக்கில் சொன்ன ஒரு வரி. அதனால் ஒரு வீட்டின் ஒரு வருஷத்துக் களி டிராக்டரில் ஏறிக்கொண்டிருக்கிறது. போனை வாங்கினேன்.

"லட்சுமக்கா, நான் வர்றேன். எருவும் போகாது, உங்க பேரும் வெளிய வராது. எம்பொறுப்பு."

எப்படி என்று அவர் கேட்கவில்லை. நல்லவேளை, எனக்கே தெரியாது.

அதற்குப் பிறகுதான் அந்த ஸ்கூட்டர் சவாரி. தளி ரோட்டில் ரூபா ஓட்டிய வேகத்துக்கு, அவள் கால் குணமாகிவிட்டது என்று எந்த டாக்டரும் சர்டிபிகேட் கொடுக்கலாம். தளி தாண்டி, ஊருக்குள் திரும்பினால்... எருக்குழி காலி. டிராக்டர் புறப்பட்டு நரசம்மா நிலத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கிறது. எருவின் மேல் மழைக்கு ஏதோ மூடியிருக்கிறார்கள். கிட்டே போய்ப் பார்த்தால், சொசைட்டி சுவரிலிருந்து கழற்றிய எங்கள் பேனர்! லட்சுமக்கா எருவின் மேல் மல்லாந்து படுத்துக் கைகூப்பிச் சிரித்துக்கொண்டே போகிறார். மூலையில் நானும் போகிறேன். இதைப் பார்த்துத்தான் எனக்கு அந்த அடக்க முடியாத சிரிப்பு.

ஒருவழியாக ரூபா முந்திப்போய் டிராக்டருக்கு முன்னால் குறுக்கே நிறுத்தினாள். டிராக்டர்காரர் பிரேக்கைப் போட்டார். அவர் பக்கத்தில் மட்கார்டில் உட்கார்ந்திருந்த நரசம்மா இறங்கி வந்தார்.

"என்ன மேடம்? எருவுக்கும் பரிசு குடுக்கப் போறீங்களா?"

இப்போது என்ன செய்வது? உண்மையைச் சொன்னால் லட்சுமக்கா மானம் போகும். சொல்லாவிட்டால் எரு போகும். அதற்குள் பக்கத்து நிலங்களிலிருந்து ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான். கம்பெனியில் சந்தேகமான சரக்கு வந்தால் சிவப்பு அட்டை ஒன்றைத் தொங்கவிடுவோம். 'ஹோல்டு' என்று எழுதியிருக்கும். அதை எடுக்கிற வரைக்கும் எம்.டி.யே வந்தாலும் அந்தச் சரக்கு நகராது.

கைப்பையில் மிச்சமிருந்த சாம்பிள் அட்டை ஒன்றை எடுத்தேன். சிவப்பு பேனாவால் 'ஹோல்டு' என்று எழுதினேன். டிரெய்லர் கொக்கியில் கட்டினேன்.

"இந்த எருவ டெஸ்ட் பண்ணணும். ரிசல்ட் வர்ற வரைக்கும் இது எங்கயும் போகக் கூடாது."

"எத்தினி நாளாவும்?"

"மூணு... மூணு வாரம்."

"மழ பெஞ்சு நிக்குது, மூணு வாரமா!" நரசம்மா இடுப்பில் கையை வைத்தார். "ஒண்ணு பண்ணுங்க. நான் எருவ என் நிலத்துல கொட்டி வெக்கறேன். நீங்க பொறுமையா வந்து அங்கியே டெஸ்ட் பண்ணிக்குங்க."

நியாயமான யோசனை. அட்டையின் முடிச்சை இன்னொரு தரம் இறுக்கினேன். இருபத்திரண்டு வருஷத்தில் இவ்வளவு கெட்டிக்கார சப்ளையரை நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் ரூபா, பாலில் தேன் கலந்த மாதிரி ஒரு குரலில் கேட்டாள்:

"நரசக்கா, உங்க ரிப்போர்ட்டுலயும் எரு வேணாம்னுதானே வந்திருக்குது?"

டிராக்டர்காரர் பாட்டை நிறுத்தினார்.

"அது வந்து..."

"ரெண்டாம் பரிசு. காலையிலதான் பாத்தேன். எரு வேணாத நிலத்துக்கு இத்தினி எரு எதுக்குக்கா?"

நரசம்மா வானத்தைப் பார்த்தார். டிராக்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"யம்மா, இந்தப் பொண்ணுக்கு இன்னும் ரெண்டு மாசம் லீவு குடுத்திருக்கக் கூடாதா? ரெண்டாம் பரிசு யாருக்கு ஞாபகம் இருக்கப்போவுதுன்னு நெனச்சேன். அது என் நிலத்து மண்ணே இல்ல மேடம். அக்கா எருக்குழியில அள்ளுனது."

இதைச் சொல்லி முடிக்கவும், லட்சுமக்கா மூச்சிரைக்க ஓடிவந்து சேரவும் சரியாக இருந்தது. கடைசி வார்த்தை மட்டும் காதில் விழுந்து, தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்துவிட்டார்.

"என் குழியிலயா? ஏன்டி, நான் அங்க அள்ளுனது உனக்கெப்படிடி தெரியும்?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். எந்த ரகசியத்தைக் காப்பாற்ற ஓசூரிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தேனோ, அதை அவரே போட்டு உடைத்துவிட்டார்!

"நீ அள்ளுனதப் பாத்துட்டுத்தானே அக்கா நானும் அள்ளுனேன்!"

அவ்வளவுதான். டிராக்டர்காரர் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தார். லட்சுமக்கா நரசம்மா முதுகில் ஒரு அறை வைத்தார். வைத்த கையோடு அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கூடியிருந்தவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது... விழாவில் என் ஜோக்குக்குச் சிரித்த அதே சிரிப்பு. ஆக, முப்பத்தொரு பேருக்கும் எல்லாம் தெரியும். தெரியாத ஒரே ஆள் மைக் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வண்டியத் திருப்புண்ணா" என்றாள் ரூபா.

அந்த ஒடுக்கமான வண்டிப் பாதையில் லோடு டிரெய்லரைத் திருப்புவது லேசான காரியமா? டிராக்டர்காரர் மூன்று மொழியிலும் எங்களைத் திட்டிக்கொண்டே திருப்பினார். எரு லட்சுமக்கா நிலத்துக்குப் போனது. பாதி இறக்கியிருப்பார்கள், லட்சுமக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஒரு கால் வண்டி நரசம்மா நிலத்துல கொட்டுப்பா. அவ நிலம் என்னுதவிட மோசம்."

"ஆமா, என்னுதுதான் மோசம்" என்றார் நரசம்மா, சற்றும் தயங்காமல்.

"எங்கிளுத வந்து பாருங்க மேடம். ஏர் பூட்டுனா கொழு ஒடஞ்சிரும்" என்றார் ஆறாம் நம்பர்.

"எங்கிளுதுல கள்ளிகூட மொளைக்காது" என்றார் தேங்காய் நார்.

அடக்கடவுளே! ஒரு வாரத்துக்கு முன்னால் வரைக்கும் தங்கம் விளைகிற ஊர். இப்போது எவர் நிலம் மட்டம் என்று போட்டி. நான் நடு ரோட்டில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன். கம்பெனியில் இருந்த காலத்தில் இப்படி ஒரு நாள்கூடச் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அண்ணன் அந்த நேரத்தில் போன் செய்திருந்தால் கிறுக்குதான் என்று முடிவே கட்டியிருப்பார்.

மதியம் லட்சுமக்கா வீட்டில்தான் சாப்பாடு. களி, அவரைக்காய்ச் சாறு. சாப்பிட்டு முடித்ததும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்வெட்டியோடு நானே நிலத்தில் இறங்கினேன். எரு படாத மூலையாகப் பார்த்து முதல் வெட்டு. 'டிங்' என்றது. கல். இரண்டாவது வெட்டு. 'டிங்'. ரூபா சொன்னது பொய்யில்லை. லட்சுமக்கா என் கையிலிருந்து மண்வெட்டியைப் பிடுங்கி, எங்கே வெட்ட வேண்டும் என்று தெரிந்த மாதிரி லாவகமாக வெட்டி, செம்மண்ணும் சரளையுமாக ஒரு பிடி எடுத்துப் பையில் போட்டார். நான் வரப்பில் உட்கார்ந்தேன். மனசில் இருந்ததைக் கேட்டே விட்டேன்.

"ஏன் லட்சுமக்கா... அன்னைக்கே இந்த மண்ணையே குடுத்திருக்கலாமே? உங்களுக்காகத்தானே டெஸ்ட்டு? பேருக்கு ஆசைப்பட்டா இப்படி?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது வெட்கம் இல்லை. இதுகூடத் தெரியாதா என்கிற ஆச்சரியம்.

"எனக்காகவா? அதெல்லாம் எனக்கென்னம்மா தெரியும்? நீங்க பேசுனதுல பாதி எனக்குப் புரியல. காலங்காத்தால அவ்ளோ தூரம் வந்து, கையில பையக் குடுத்து, உங்க மண்ணு அரை கிலோ வேணும்னு கேட்டீங்க. அது புரிஞ்சுது. ஒருத்தங்க வேணும்னு வந்து கேட்டா, கல்லையும் கரட்டையுமா கட்டிக் குடுப்பாங்க? இருக்கறதுல நல்லதாப் பாத்துத்தானே குடுக்கணும்?"

சொல்லிவிட்டுப் பையின் வாயை இறுக்கிக் கட்டினார். ஆடிட்டர், பெண் பார்க்கிற படலம், பக்கத்து வீட்டு சோபா என்று காலையிலிருந்து நான் அடுக்கிய அத்தனை தத்துவத்திலும் இந்த ஒன்று எனக்குத் தோன்றவே இல்லை. சோதிக்க வந்தவள் என்றல்லவா என்னை நினைத்துக்கொண்டிருந்தேன்? அவருக்கு நான் கேட்டு வந்தவள். அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

நிலத்துக்கு அந்த எருக்குழி மண் தப்பான சாம்பிள்தான் — லட்சுமக்காவின் மனசுக்கு அதைவிடச் சரியான சாம்பிளை என்னால் எடுத்திருக்க முடியாது.